திரும்பும் வழி

வங்கியிலிருந்து அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தி வரும்: பராமரிப்புப் பணிக்காக நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 4 மணி வரை சேவை இருக்காது. படித்த கையோடு அழித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். அந்த நான்கு மணி நேரத்தில் என்னென்னவோ வேலைகள் நடக்கலாம். அவற்றில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது, தரவுத்தள சர்வரைப் பழைய பெரும்பதிப்பிலிருந்து புதிய பெரும்பதிப்புக்கு மாற்றுவது. மின்கட்டணம் கட்டும் செயலி, மருத்துவமனையின் பதிவுச்சீட்டு, பள்ளியின் மதிப்பெண் பட்டியல், மளிகைக்கடை பில் என்று முன்னால் எந்தத் திரை இருந்தாலும் பின்னால் ஒரு பேரேடு இருக்கிறது. அந்தப் பேரேட்டை எழுதி, தேடி, பூட்டிக் காக்கும் மென்பொருள்தான் தரவுத்தள சர்வர். திரையில் கோளாறு வந்தால் திரையைச் சரிசெய்துகொள்ளலாம். பேரேட்டில் ஒரு வரி தொலைந்தால், அது யார் கட்டிய பணம், யாருக்கு எழுதிய மருந்து என்ற விவரமே தொலைகிறது. ஆகவே இந்த மாற்றத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பது கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். புதிய பதிப்புக்குப் போகும் படிகள் எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன. திட்டம் என்ற பெயரில் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியது, பழைய பதிப்புக்கு எதுவரை திரும்ப முடியும், எந்த நேரத்துக்குப் பிறகு முடியாது, அந்த நேரத்தை எப்படித் தள்ளிப்போடுவது என்பதைத்தான்.

உலகமெங்கும் பரவலாகப் பயன்படும் இலவசத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வருகிறது. பத்தாவது பதிப்பு 2017 அக்டோபரில் வந்தது, பதினெட்டாவது 2025 செப்டம்பரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. அதன்பின் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தர மாட்டார்கள். 13-க்கு 2025 நவம்பரோடு ஆதரவு முடிந்தது, 14-க்கு 2026 நவம்பரில் முடிகிறது. இடையிடையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சிறுபதிப்புகள் பிழைதிருத்தம் மட்டுமே; மென்பொருளை மாற்றி சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் போதும். பெரும்பதிப்பு அப்படியல்ல. தரவு எங்கே, எந்த அட்டவணையில், எந்த வகையில் இருக்கிறது என்று சர்வர் தனக்காக வைத்திருக்கும் உள்குறிப்பேட்டின் அமைப்பே மாறிவிடும். பழைய பதிப்பின் கோப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தால் புதிய சர்வர் எழவே மறுக்கும். ஆகவே மாற்றித் தருவதற்கென்று ஒரு கருவி உண்டு, பிஜி_அப்கிரேட் என்று பெயர். அது புதிய உள்குறிப்பேட்டைத் தயாரித்துவிட்டு, பயனர்களின் தரவுக் கோப்புகளை இருந்தபடியே எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் திரும்பும் வழியின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு விதம், கோப்புகளை முழுதாக நகலெடுப்பது. வட்டில் இரண்டு மடங்கு இடம் வேண்டும், தரவு பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். ஆனால் பழையது தொடாமல் அப்படியே கிடக்கும். இன்னொன்று இணைப்பு முறை. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் கொடுப்பது போல, இருக்கிற கோப்புக்கே இன்னொரு பெயரைச் சேர்த்துவிடுவது. பல டெராபைட் தரவுகூட சில நிமிடங்களில் மாறிவிடும். நிர்வாகத்துக்குப் பிடித்த முறை இதுதான், சேவை நிற்கும் நேரம் குறைவு என்பதால். ஆனால் புதிய சர்வர் ஒருமுறை எழுந்து அந்த வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டால், பழைய கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பது மாற்றப்பட்ட வீடுதான். பழைய சர்வரைப் பத்திரமாக எழுப்ப முடியாது என்று கருவியின் ஆவணமே எச்சரிக்கிறது. கட்டளை வரியில் ஒரே ஒரு சொல் கூடுதலாகத் தட்டுவதால் வரும் வேறுபாடு இது. அந்தச் சொல்லைத் தட்டுவது யார், எத்தனை மணிக்கு, அதற்கு முன் எவற்றைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது எழுத்தில் இல்லாத திட்டத்தை நான் திட்டம் என்று ஏற்க மாட்டேன்.

முழு நகல் எடுத்துவிட்டால் கவலை இல்லை என்று தோன்றும். கதவைத் திறக்கும் வரைக்கும்தான் அந்த நிம்மதி. அதிகாலை 4 மணிக்குப் புதிய சர்வரில் சேவை தொடங்குகிறது, காலை 10 மணிக்குப் பெரிய கோளாறு தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய நகல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது நள்ளிரவு வரையிலான தரவு. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் கட்டிய கட்டணங்கள், போட்ட பதிவுகள், மாற்றிய முகவரிகள் எல்லாம் புதிய சர்வரில் மட்டுமே இருக்கின்றன. திரும்பினால் அவை போகும், திரும்பாவிட்டால் கோளாறோடு ஓட்ட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு என்ற நிலையில், தூக்கமில்லாத நான்கு பேர் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவெடுக்க நேர்வதுதான் இத்தகைய மாற்றங்களின் மிக மோசமான தருணம். முடிவை முன்கூட்டியே, தெளிந்த மனதோடு எடுத்து வைப்பதுதான் திட்டத்தின் வேலை. இன்ன மணி வரை எந்த இழப்பும் இல்லாமல் திரும்பலாம், அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு பதிவுகளை மறுபடி உள்ளிட வேண்டியிருக்கும், அந்த எல்லையைத் தாண்டச் சொல்லும் அதிகாரம் இன்னாருக்கு என்று மூன்று வரி போதும்.

எல்லையைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. போஸ்ட்கிரெஸின் பத்தாவது பதிப்பிலிருந்து லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்ற வசதி வந்தது. வட்டில் உள்ள கோப்பை அப்படியே நகலெடுக்கும் பழைய முறை வெவ்வேறு பெரும்பதிப்புகளுக்கு இடையே இயங்காது. புதிய வசதியோ ஒவ்வொரு மாற்றத்தையும் 'இந்த அட்டவணையில் இந்த வரி சேர்ந்தது' என்ற செய்தியாக அனுப்புவதால், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி ஒன்றையொன்று தொடர முடிகிறது. புதியது பழையதை எட்டிப்பிடித்ததும் சில நொடிகள் எழுதுவதை நிறுத்தி, பயனர்களை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். அதைவிட முக்கியம், திருப்பிய பிறகு ஓட்டத்தை எதிர்த்திசையில் விட்டுப் பழைய சர்வரையும் நாட்கணக்கில் உயிரோடு வைத்திருக்கலாம். இதிலும் கண்ணி உண்டு. அட்டவணையின் வரிகள்தான் கடந்து செல்லும். பில் எண், டோக்கன் எண் போன்றவற்றை அடுத்தடுத்து வழங்கும் எண்ணியின் நிலை பதினெட்டாம் பதிப்பு வரை இந்த வழியில் கடப்பதில்லை. பழைய பக்கம் 48,213-ஆம் பில் வரை போயிருக்க, புதிய பக்கத்தின் எண்ணி 1-இலேயே நிற்கும். அதைக் கையால் முன்னே நகர்த்த மறந்தால் காலையில் போடும் முதல் பில்லே ஏற்கெனவே உள்ள பில்லோடு முட்டி நின்றுவிடும். எதிர்த்திசைக்கும் இதே கதைதான். திரும்பும்போதும் எண்ணியை நகர்த்த வேண்டும் என்பது திரும்புவதையும் ஒத்திகை பார்த்தவர்களுக்கு மட்டுமே நினைவிருக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு கிட்ஹப் ஒரு சாட்சி. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் அந்தத் தளம், மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 1,200-க்கும் மேற்பட்ட சர்வர்களை 5.7-இலிருந்து 8.0-க்கு மாற்றியதைப் பற்றி 2023 டிசம்பரில் விரிவாக எழுதியது. 300 டெராபைட்டுக்கு மேல் தரவு. வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் படிக்க மட்டும் பயன்படும் துணைச் சர்வர்களை மாற்றினார்கள், கடைசியில்தான் எழுதும் முதன்மைச் சர்வர். அப்போதும் 5.7 சர்வர்களை உடனே அகற்றவில்லை. 24 மணி நேரப் போக்குவரத்துச் சுற்று ஒன்றாவது முழுதாகக் கடந்து, திரும்பத் தேவையில்லை என்று உறுதியான பிறகே எடுத்தார்கள். புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்குத் தரவு பாய்வது மைஎஸ்க்யூஎல் உறுதி தராத ஒன்று. அது நடக்க எழுத்துவரிசை அமைப்பு போன்ற சிலவற்றைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. முன்னே போவதற்குச் சற்றும் தேவைப்படாத உழைப்பு அது. அந்த நிறுவனத்தின் அனுபவத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான்.

ஒத்திகையில் எல்லாம் சரியாக இருந்தால் திரும்ப ஏன் நேர வேண்டும்? சில பிழைகள் அன்றிரவு முகத்தைக் காட்டாது என்பதால். மைஎஸ்க்யூஎல் 5.7-இல், விற்பனையை ஊர்வாரியாகக் கூட்டித் தரச் சொன்னால், வரிசைப்படுத்தச் சொல்லாமலேயே ஊர்ப்பெயர் வரிசையில் வந்துவிடும். 8.0-இல் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். வரிசை வேண்டுமென்றால் கேட்க வேண்டும். நிரல் எழுதியவர் கேட்க மறந்திருந்தாலும் பத்து வருடம் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. மாற்றத்துக்குப் பின்னும் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். மாத இறுதியில் அறிக்கை அச்சாகும்போதுதான் ஊர்கள் கலைந்து கிடப்பது தெரியும். போஸ்ட்கிரெஸ் 14-இல் கடவுச்சொல்லைச் சேமிக்கும் இயல்பான முறை இன்னும் வலுவான ஒன்றுக்கு மாறியது. பழைய கடவுச்சொற்கள் முன்போலவே வேலைசெய்யும். என்றோ ஒருநாள் யாராவது கடவுச்சொல்லை மாற்றும்போது புது முறையில் பதிவாகும். அந்த முறை தெரியாத பழைய இணைப்பு நிரல் அன்றைக்குத்தான் கதவடைபட்டு நிற்கும். அதற்குள் பெரும்பதிப்பு மாறி மூன்று மாதம் ஆகியிருக்கும், இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

இவற்றைவிடக் கொடியது எழுத்துவரிசைக் கோளாறு. தமிழ் எழுத்தையே வைத்து அதை விளக்கலாம். நம் நெடுங்கணக்குப்படி ல, வ, ற, ன என்று வரும். ஆகவே பலகை, பவளம், பறவை, பனை என்பது அகராதி வரிசை. யூனிகோடு அட்டவணையிலோ ன-வுக்கு ந-வை அடுத்தே இடம், ற-வுக்கு ர-வை அடுத்து இடம். அந்த எண்களின்படி அடுக்கினால் பனை, பறவை, பலகை, பவளம் என்று ஆகிவிடும். கடைசிச் சொல் முதலில் வந்து நிற்கிறது. இப்போது நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிய பட்டியலை, யூனிகோடு வரிசை மட்டுமே தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 'பனை' இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் நடுவில் திறப்பார், 'பவளம்' தெரியும். பனை இதற்கு முன்னால் அல்லவா இருக்க வேண்டும் என்று முன்பாதியில் மட்டும் தேடி, இல்லை என்று சொல்லிவிடுவார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வரிசை வேறு. தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் இப்படித்தான் வேலைசெய்கிறது. வரிசையை நம்பி, பாதி பாதியாக விலக்கித் தேடுவதால்தான் கோடி வரிகளிலிருந்து ஒன்றைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுக்க முடிகிறது. எழுத்துவரிசையைப் பெரும்பாலும் இயங்குதளத்தின் நூலகத்திடமிருந்து போஸ்ட்கிரெஸ் கடன் வாங்குகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் வந்த 2.28-ஆம் பதிப்பில் தன் வரிசையை மாற்றியது. அதுவரை அமெரிக்க ஆங்கில அமைப்பில் '11' முன்னும் '1-1' பின்னுமாக இருந்தன, அதன்பின் தலைகீழ். பழைய இயங்குதளத்தில் கட்டிய இண்டெக்ஸைப் புதிய இயங்குதளத்துக்கு அப்படியே தூக்கிச் சென்றால், கதவு எண்ணிலோ சர்வே எண்ணிலோ ஒரு சிறுகோடு இருப்பதே போதும், இருக்கும் வரி இல்லாததாகிவிடும். இல்லை என்று நம்பி அதே ஆளை மறுபடி சேர்த்தால், இரட்டிப்பைத் தடுக்க வேண்டிய காவலும் அதே இண்டெக்ஸை நம்புவதால் ஒருவருக்கு இரண்டு வரிகள் ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மருந்து எளிது, எழுத்து உள்ள இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும். ஆனால் அந்த மருந்து தேவை என்று தெரிய, தரவுத்தளத்தோடு இயங்குதளமும் மாறுகிறது என்பதைத் திட்டம் தனி வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இரவில் மாற்றாமலிருப்பது இன்னும் நல்லது.

திரும்பும் வழி என்றதும் பலரும் பேக்கப் இருக்கிறது என்பார்கள். கிட்ஹப் போலவே நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களுக்காகவே சொல்ல வேண்டும். ஒரு பொறியாளர் சர்வர் மாறித் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்பகத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால் அந்தச் சேமிப்பிடம் காலியாக இருந்தது. காரணம் பதிப்பு. ஓடிக்கொண்டிருந்த சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2-ஐச் சேர்ந்தது. தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து நகலெடுக்க அந்தக் கருவி மறுத்துவிடும். ஒவ்வொரு நாளும் மறுத்துக்கொண்டே இருந்தது. மறுத்ததைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும் மின்னஞ்சல் பாதுகாப்பு விதியால் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசியில் கைகொடுத்தது, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைச் சூழலில் புதிய தரவை ஏற்றுவதற்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்திருந்த நகல். அதிலிருந்து மீட்டார்கள், இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் என்று அந்நிறுவனமே ஒளிக்காமல் எழுதியது. அப்படி வெளிப்படையாக எழுதியதற்கு இந்தத் துறை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. சர்வரின் பதிப்பு ஒன்றாக இருந்தும், அதைச் சுற்றி இயங்கும் ஒரு சிறு கருவியின் பதிப்பு வேறாக இருந்ததே பேரேட்டின் காவலைக் குலைத்துவிட்டது. ஆகவே ஒரு பெரும்பதிப்பு மாற்றத்தின் முதல் வேலை, சர்வரைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் எண்ணி எழுதுவது: பேக்கப் கருவி, கண்காணிப்பு, இரவு அறிக்கை, கணக்குப் பிரிவில் ஒருவர் எக்செலிலிருந்து நேராகப் போட்டுவைத்த இணைப்பு வரை. பிஜி_அப்கிரேட் முன்சோதனை செய்து தரும் என்பது உண்மை. அது சர்வருக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும்.

இவ்வளவு சிக்கல் என்றால் ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நிறுத்தாமலே இருந்துவிடலாம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஐந்தாண்டுக் கெடு வண்டிக்காரர் கையில் இல்லை. கெடு தாண்டினாலும் சர்வர் ஓடும். சுற்றியுள்ள இயங்குதளமும் இணைப்பு நிரல்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒத்திப்போடும் ஒவ்வோர் ஆண்டும் மேலே சொன்ன வகை மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும், அந்த நிரல்களை எழுதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலை மாறிப் போவார்கள். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸில் இரண்டு மூன்று பதிப்புகளை ஒரே தாவலில் கடக்கலாம். இடைப்பட்ட எல்லாப் பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்தால் போதும். மைஎஸ்க்யூஎல்லில் அந்தச் சலுகை குறைவு, 5.6-இலிருந்து 8.0-க்குப் போக 5.7 வழியாகத்தான் போக வேண்டும். கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளாதா என்றால், சர்வரை மாற்றும் பொத்தான் அவர்களிடம் இருக்கிறது. ஊர்ப்பெயர் வரிசையை நம்பியிருக்கும் அறிக்கை நம்முடையது, அதை அவர்களால் படித்துப் பார்க்க முடியாது. ஆதரவு முடிந்த பதிப்பிலேயே இருக்க விரும்பினால் அமேசான் 2024 முதல் நீட்டித்த ஆதரவுக்கென்று தனிக் கட்டணம் வாங்குகிறது. ஒத்திப்போடுவதற்கு இப்போது மாதாமாதம் பில் வருகிறது.

கடைசி மறுப்புக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்க வேண்டும். கிட்ஹப்பிடம் ஆட்களும் இயந்திரங்களும் உண்டு. நான்கு கிளைகள் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கமோ நாற்பது படுக்கை உள்ள மருத்துவமனையோ என்ன செய்யும்? அவர்களுக்கு இரண்டு சர்வர்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டும் வசதி தேவையில்லை, ஓர் இரவு நிறுத்திவைக்க முடியும் என்பதே அவர்களின் பலம். தேவைப்படுவது ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஓர் இயந்திரம். போன இரவு எடுத்த பேக்கப்பை அதில் ஏற்றிப் பார்க்கட்டும். ஏறாவிட்டால், பதிப்பு மாற்றத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று தெரிந்துவிட்டது. ஏறினால் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளட்டும், திரும்பும் வழியின் நீளம் அதுதான். பிறகு அந்த நகலைப் புதிய பதிப்புக்கு மாற்றி, அதற்கான நேரத்தையும் குறிக்கட்டும். பில் போடுபவர், மருந்தகத்தில் இருப்பவர், கணக்கர் மூவரையும் ஒரு பிற்பகல் அந்த நகலில் உட்காரவைத்து, சென்ற மாதத்து வேலையை மறுபடி செய்யச் சொல்லி, வரும் அறிக்கையைப் பழைய அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிடட்டும். பேக்கப்பை ஏற்ற மூன்று மணி நேரமும் மாற்ற ஒரு மணி நேரமும் சரிபார்க்க ஒரு மணி நேரமும் ஆனது என்றால், இரவு 10 மணிக்குத் தொடங்கும் வேலையில் 12 மணிக்கு முடிவெடுத்தாக வேண்டும். அதிகாலை 3 மணிக்குப் பழைய சர்வர் மறுபடி எழுந்து நின்றுவிடும், புறநோயாளிகள் 7 மணிக்குத்தான் வருவார்கள். அந்த 12 மணியைத் தாளில் எழுதி, முடிவைச் சொல்பவரின் பெயரைப் பக்கத்தில் எழுதி, அவர் அன்றிரவு ஊரில் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டு தேதி குறிக்கலாம்.